கடன் கொப்பியில் பதிந்த மதுத்தடை: திருகோணமலைக் கரையோரக் கிராமம் ஒன்றின் 2020 அனுபவம்

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, திருகோணமலை நகரத்து மதுபானசாலைகளும் உப்புவெளி, நிலாவெளி வீதியோரங்களில் இருந்தவையும் ஏனைய கடைகளோடு சேர்ந்து பூட்டப்பட்டன. ஊரடங்கு தளர்த்தப்பட்ட மணித்தியாலங்களில் பலசரக்குக் கடைகளும் மருந்தகங்களும் திறந்தன. மதுபானசாலைகளுக்கு அந்த அனுமதி கிடைக்கவில்லை. ஏப்ரல் 20 ஆம் திகதி பல மாவட்டங்களில் ஊரடங்கு தளர்த்தப்பட்டபோது அவையும் ஒரு நாள் திறந்தன. அன்று உருவான வரிசைகளைக் கண்ட அரசு மறுநாளே மீண்டும் மூடச் சொன்னது. அதன்பின் மே மாத நடுப்பகுதியில்தான் கதவுகள் திறந்தன. ஆக, அந்த ஒரு நாளைக் கழித்துப் பார்த்தால், நாடாளுமன்றத்தில் எந்தச் சட்டமும் நிறைவேறாமலே ஏழு வாரங்களுக்கு மேலாக இலங்கை முழுவதும் ஒரு தேசிய மதுத்தடையின் கீழ் வாழ்ந்தது. நகரத்துக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள ஒரு தமிழ்க் கிராமத்தில் அந்த வாரங்களில் நடந்தவற்றை இவ்வாய்வு பதிவு செய்கிறது. உலர் உணவுப் பொதி கொண்டு சென்ற தொண்டர்களில் ஒருவனாக நான் அங்கே பல தடவை போய்வந்தேன். கிராமத்தின் பெயரையும் மனிதர்களின் பெயர்களையும் வேண்டுமென்றே தவிர்த்துள்ளேன்.

தேசிய மதுவிலக்கு என்றால் நாம் உடனே அமெரிக்காவையோ தமிழ்நாட்டையோ பேசப் பழகியிருக்கிறோம். நம் கண்முன்னே நடந்த ஒன்றை அந்தப் பெயரால் அழைக்க எவருக்கும் தோன்றவில்லை. தொற்றுக் காலத்தின் பல அவலங்களுள் ஒன்றாக, பெரும்பாலும் வரிசைகளைப் பற்றிய நகைச்சுவையாக, அது மறக்கப்பட்டுவிட்டது. ஓர் எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடை பூட்டப்பட்ட அதே வாரத்தில் கூலி வேலையும் நின்றது, கொழும்புக்கு மீன் போகும் வழியும் தடைப்பட்டது. ஆகவே இங்கே கண்ட ஒவ்வொரு விளைவையும் மதுத்தடையின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் உண்மையான தேசிய மதுவிலக்குகள் பலவும் இவ்வாறே போர், பஞ்சம், தொற்று ஆகியவற்றின் நடுவே வந்தவை என்பதால், அமைதிக் காலத்தில் தூய்மையாக நடைபெறும் மதுவிலக்கு ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பதும் பயன் தராது.

கிராமத்தின் ஆண்கள் பெரும்பாலும் கரைவலையிலும் சிறு வள்ளங்களிலும் உழைப்பவர்கள். மற்றவர்கள் மேசன் வேலைக்கும் ஆட்டோ ஓட்டத்துக்கும் நகரத்துக்குப் போகிறவர்கள். குடியைப் பொறுத்தவரை மூன்று விதமானவர்கள் அங்கே இருந்தார்கள். திருவிழா, கல்யாணம், நண்பர் வருகை என்று எப்போதாவது குடிப்போர். கூலி கையில் விழும் நாட்களில் மட்டும் குடிப்போர். விடிந்ததும் ஒரு வாய் இல்லாமல் கை நடுங்குவோர். கடைசி வகையினர் தொகையில் மிகக் குறைவு. ஆனால் கிராமம் குடியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர்களைத்தான் பேசியது, அரசாங்கங்கள் மதுவிலக்கைப் பேசும்போதும் அவர்களின் முகத்தைத்தான் காட்டுகின்றன. தடையோ முதல் வகையினரிடம்தான் மிக எளிதாகப் பலித்தது.

மதுவிலக்குக்கான காரணங்கள் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும் அவற்றில் ஒரு பொது அமைப்பு தெரிகிறது. குடியால் அடிபட்ட வீட்டுப் பெண்களின் கோபமும், சமயத்தின் கண்டனமும், அரசியல் இயக்கம் ஒன்றின் தேவையும் ஒரே காலத்தில் சந்திக்கும்போதுதான் சட்டம் பிறக்கிறது. இலங்கையில் 1904 இலும் 1912 இலும் எழுந்த மதுவொழிப்பு இயக்கங்கள் பௌத்த மறுமலர்ச்சியோடும் பிரித்தானிய எதிர்ப்போடும் பின்னியிருந்தன. 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தோடு கள்ளுத் தவறணைகள் பெருகியமை இரண்டாவது இயக்கத்துக்கு எண்ணெய் வார்த்தது. பின்னாளில் இலங்கையின் முதல் பிரதமரான டி.எஸ். சேனநாயக்கவும் அவரது சகோதரர்களும் பொதுவாழ்வில் அடையாளம் பெற்ற மேடைகளுள் அதுவும் ஒன்று. சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் அமைச்சரவை 1937 அக்டோபர் 1 ஆம் திகதி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு காந்தியத்தின் நேரடிப் பிள்ளை. அமெரிக்காவில் 1920 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்த தடைக்குப் பின்னால் தேவாலயங்களும் பெண்கள் சங்கங்களும் நின்றதோடு, முதல் உலகப் போரின்போது ஜெர்மானியப் பெயர் கொண்ட பியர் ஆலைகள் மீது மூண்ட வெறுப்பும் சேர்ந்துகொண்டது.

இவற்றுக்கெல்லாம் அடியில் வரி என்ற ஒரு காரணம் மறைந்து கிடக்கிறது. மதுவின் வரியில் வாழும் அரசு மதுவை ஒழிக்க வேண்டுமானால் முதலில் வேறு வருவாயைத் தேட வேண்டும். அமெரிக்காவில் மத்திய அரசுக்கு 1913 இல் வருமான வரி விதிக்கும் அதிகாரம் கிடைத்த பின்னரே மதுவிலக்கு நடைமுறைச் சாத்தியமாயிற்று. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வருமான வரி சுருங்கியபோது, 1933 டிசம்பர் 5 ஆம் திகதி மதுவிலக்கே சுருண்டது. இராஜாஜி 1939 இல் விற்பனை வரியைக் கொண்டுவந்ததற்கும் மதுவிலக்கால் ஏற்பட்ட ஓட்டை ஒரு முக்கிய காரணம். மதுவிலக்கு போன பிறகும் விற்பனை வரி போகவில்லை என்பது வேறு கதை. 1971 இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோதும் வருவாய் நெருக்கடியே காரணமாகச் சொல்லப்பட்டது. 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தமிழ்நாட்டு அரசே டாஸ்மாக் கடைகள் வழியாக நடத்துகிறது. நமது நாட்டிலும் 'மதட்ட தித்த' என்ற பெயரில் மதுவுக்கு முற்றுப்புள்ளி வைப்பதாக அறிவித்த அரசாங்கமே மதுவரி வருமானத்தை வரவுசெலவுத் திட்டத்தில் எதிர்பார்த்திருந்தது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் விளம்பரத்தைத் தடுத்து, வாங்கும் வயதை 21 ஆக்கியது. அது பயனுள்ள சட்டம். ஆனால் கடையை அது தொடவில்லை.

முழுத் தடை எப்படியிருக்கும் என்பதற்கு நமக்கு மாதந்தோறும் ஓர் ஒத்திகை நடக்கிறது. பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் நாடெங்கும் மது விற்கக்கூடாது. போயாவுக்கு முதல் நாள் மாலை நகரத்துக் கடைகளுக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தையும், போயாவன்று கிராமத்தின் எந்தப் படலைக்குப் பின்னால் போத்தல் கிடைக்கும் என்பது சிறுபிள்ளைகளுக்கும் தெரிந்திருப்பதையும் பார்த்தவர்களுக்கு 2020 இல் நடந்தவை அதிகம் வியப்பளித்திருக்க முடியாது. ஆனால் போயா ஒரு நாளில் முடிந்துவிடும். முதல் நாள் வாங்கிப் பதுக்கிய போத்தலால் அதைக் கடந்துவிடலாம். ஏழு வாரங்களை அவ்வாறு கடக்க முடியாது.

முதல் பத்து நாட்களில் கண்ட மாற்றம் உண்மையானது. அதை மறைத்துவிட்டு மதுவிலக்கை எதிர்ப்பது நேர்மையாகாது. மாலை நேரச் சத்தம் குறைந்தது. சந்தியில் நடக்கும் கைகலப்பு நின்றது. வலைக்காரர் ஒருவரின் மனைவி பொதியை வாங்கிக்கொண்டே சொன்னதை அப்படியே தருகிறேன்: "கடை பூட்டின முதல் கிழமை வீடு வீடா இருந்தது தம்பி. பிள்ளையளோட தாயம் விளையாடினவர். கலியாணம் கட்டின காலத்துக்குப் பிறகு இப்பதான் அந்த மனுசன்ர முகத்தைப் பார்த்தனான்." தென்னாபிரிக்காவிலும் இதுவே நடந்தது. அந்நாடு 2020 மார்ச் 27 முதல் மது விற்பனையை முற்றாகத் தடைசெய்து, ஜூன் 1 இல் திறந்து, ஜூலை 12 இல் மீண்டும் பூட்டியது. தடை இருந்த காலங்களில் காயப்பட்டு வைத்தியசாலைக்கு வருவோர் குறைந்தனர், திறந்தவுடன் கூடினர். திறப்பதும் மூடுவதுமாக இருந்ததால் விளைவு தெளிவாகத் தெரிந்தது. மது கிடைக்காத இரவில் கத்திக்குத்தும் வாகன விபத்தும் குறைகின்றன என்பதில் ஐயப்பட இடமில்லை.

ஆனால் அதே பத்து நாட்களுக்குள் வேறொன்றும் நடந்தது. கை நடுங்கும் வகையினரில் ஒருவர் மூன்றாம் நாள் இரவு எழுந்து, சுவரில் பூச்சிகள் ஊர்வதாகவும் தன்னைப் பிடிக்க ஆட்கள் நிற்பதாகவும் கத்தத் தொடங்கினார். குடும்பத்தார் அதைப் பேய்க்குணம் என்று எண்ணித் தண்ணீர் ஓதி எறிந்தனர், விபூதி போட்டனர். ஊரடங்கில் வாகனம் கிடைக்காமல் விடியும்வரை அவரைப் பிடித்துக்கொண்டிருந்து, வலிப்பு வந்த பிறகே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். நீண்ட காலம் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் மனக்குழப்பமும் மாயக்காட்சிகளும் வரலாம் என்பதும், சிகிச்சையின்றி விட்டால் அது உயிரையே பறிக்கலாம் என்பதும் மருத்துவ உலகு நன்கறிந்த விடயங்கள். உரிய மருந்தும் தயமின் (விற்றமின் பி1) ஊசியும் கொடுத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர். அந்த மனிதரும் தேறினார். கேரளத்தில் கடைகள் மூடப்பட்ட முதல் நாட்களிலேயே தற்கொலைகள் நிகழ, மருத்துவர் சீட்டோடு மது வழங்க மாநில அரசு முனைந்ததும், மருத்துவர்கள் எதிர்த்ததும், உயர்நீதிமன்றம் அதை இடைநிறுத்தியதும் அப்போது செய்தியாயின. தடையை அறிவிக்கும் எந்த அரசும் அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டியது இந்த நான்கு நாட்களைப் பற்றி. நமது அறிவிப்பில் அது இருக்கவில்லை; அது மதுத்தடையாக எண்ணப்படவே இல்லை என்பதுதான் காரணம்.

இரண்டாம் கிழமை கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் வந்தது. அந்தக் கிராமத்துக்குக் கசிப்பு புதிதல்ல. ஆனால் முன்பு அது ஒதுக்குப்புறத்துக் கற்றாளைப் பற்றைகளுக்குள் ஓரிருவர் செய்த தொழில். இப்போது பின்வளவுகளுக்கு வந்துவிட்டது. இதை முதலில் கண்டுபிடித்தவர் பொலிஸ்காரர் அல்லர், பலசரக்குக் கடைக்காரர். கடன் கொப்பியில் எந்தெந்த வீடு என்னென்ன வாங்கியது என்பது அவருக்கு மனப்பாடம். மாதச் சீனியை ஒரே கிழமையில் வாங்கிய வீடுகளையும், பாண் சுடும் பழக்கமில்லாத வீடுகள் ஈஸ்ட் கேட்டு வந்ததையும் அவர் கொப்பியைப் புரட்டிக் காட்டினார். சீனியும் ஈஸ்டும் தண்ணீரும் சேர்ந்து புளிப்பதே கோடா. அதைக் காய்ச்சி வடித்தால் கசிப்பு. ஒரு கிலோ சீனி முழுமையாகப் புளித்தால் ஏறத்தாழ அரைக் கிலோ மதுசாரம் உண்டாகும் என்பது வெறும் இரசாயனக் கணக்கு. ஆனால் அரிசிக்கும் பருப்புக்கும் வரிசையில் நின்ற ஊரில் அந்தக் கணக்கு எவ்வளவு இலாபமானது என்பதைக் கடைக்காரர் புரிந்துவைத்திருந்தார். "நான் விக்காட்டி வேற கடையில வாங்குவினம்" என்றார். அதில் ஓரளவு உண்மையும் ஓரளவு வியாபாரமும் இருந்தன.

கசிப்பைப் பற்றி இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். வீட்டில் சீனியில் வடிக்கும் கசிப்பில் மெதனோல் என்ற நச்சு மதுசாரம் மிகக் குறைவாகவே உண்டாகிறது. பார்வையைப் பறித்துக் கூட்டமாக உயிர் குடிக்கும் மெதனோல் பெரும்பாலும் தொழிற்சாலை மதுசாரத்தை யாரோ கலந்ததால் வருகிறது. உடலுக்குள் அது போர்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. 1979 முதல் தடை உள்ள ஈரானில் 2020 இன் முதல் மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் இவ்வாறு இறந்தனர். மது கொரோனாவைக் கொல்லும் என்ற வதந்தியும் அதற்குக் காரணமாயிற்று. 2016 ஏப்ரல் முதல் மதுவிலக்கு உள்ள பீகாரின் சாரண் மாவட்டத்தில் 2022 டிசம்பரில் நடந்ததும் இத்தகையதே. ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருக்கவில்லை. அரசின் கடைகள் திறந்தே இருந்தன. ஆகவே தடைதான் விஷத்தைக் கொண்டுவருகிறது என்று எளிதாக முடிவு கட்ட முடியாது. சட்டபூர்வமான போத்தலுக்கும் ஏழையின் சட்டைப்பைக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதே இங்கு முக்கியம். தடை அந்தத் தூரத்தை ஒரேயடியாக முடிவிலியாக்குகிறது, அதிக வரி அதைப் படிப்படியாகக் கூட்டுகிறது. நமது கிராமத்தில் எவரும் இறக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தோர் பலர்.

இந்த ஆய்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது வேறொன்று. உரிமம் பெற்ற மதுபானசாலை கடனுக்கு விற்காது. காசு இல்லாதவன் அன்று குடிக்காமல் வீடு திரும்புவான், அல்லது நண்பனின் போத்தலில் பங்கு கேட்பான். பின்வளவுக் கசிப்போ கடனுக்குக் கிடைத்தது. விற்பவள் பக்கத்து வீட்டு அக்கா, சில வேளை சொந்தச் சித்தி. அவளுக்கு இவன் எங்கே போவான் என்பது தெரியும், எந்த நாளில் வலைக்கும் வள்ளத்துக்கும் சொந்தக்காரரான சம்மாட்டியார் கணக்குப் பார்ப்பார் என்பதும் தெரியும். உழைப்பு நின்றுபோன அந்த வாரங்களில் ஆண்கள் பலர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடனுக்குக் குடித்தார்கள். ஏப்ரல் மாதத்தில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு வழங்கிய 5000 ரூபாய் கொடுப்பனவு பெண்ணின் கையில் கிடைத்த நாளிலேயே, விற்றவள் முற்றத்தில் வந்து நின்றாள். தாயம் விளையாடிய கணவனைப் பற்றிச் சொன்ன அதே பெண் பின்னர் சொன்னார்: "கடையில குடிச்சா அந்தாளிட காசுதான் போகும். இப்ப என்ர வாசல்ல வந்து நிக்கிறாள். அவளும் என்ன செய்யிற, அவளுக்கும் மூண்டு பிள்ளை." ஏற்கெனவே நுண்கடன் தவணைகளும் சீட்டுக் காசும் அந்தப் பெண்ணின் தலையில் இருந்தன. தடையின்போது குடியின் அளவு குறைந்திருக்கலாம், குறைந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் குடியின் செலவு ஆணின் சட்டைப்பையிலிருந்து பெண்ணின் கணக்குக்கு இடம் மாறியது. மதுவிலக்கின் வெற்றி தோல்வியை மொத்த லீற்றர்களில் அளப்போர் இந்த இடமாற்றத்தைக் காண்பதில்லை.

சட்டத்தை அமுல்படுத்தியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாடெங்கும் கசிப்புச் சுற்றிவளைப்புகள் அன்றாடச் செய்தியாயின. கோடாப் பீப்பாய்கள் கவிழ்க்கப்பட்ட படங்கள் வந்தன. எங்கள் கிராமத்தில் பிடிபட்டவள் ஒரு விதவை. நீதிமன்றத்தில் தண்டப்பணம் கட்ட நகையை ஈடு வைத்தாள். ஈட்டை மீட்க மீண்டும் காய்ச்சினாள். 2006 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து குடியேறிய முதியவர் ஒருவர், அக்காலத்தில் கசிப்பு என்ற பேச்சே இருக்கவில்லை என்று பெருமையோடு சொன்னார். அந்தத் தடையைக் காத்தது எது என்று கேட்டபோது அவர் சற்று நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கள்ளு மட்டும் இருந்ததாகவும் அது உடம்புக்கு நல்லதென்றும் பேச்சை மாற்றினார். கள்ளைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. மதுசாரச் செறிவு குறைந்த கள் ஒரு நாளில் புளித்துவிடும். அதைப் பதுக்க முடியாது, தூரத்துக்குக் கடத்தவும் முடியாது. தடை வந்தால் முதலில் அழிவது இத்தகைய மென்பானங்களே. சிறிய போத்தலில் அதிக வெறி தரும் சரக்குக்கே இரகசிய வியாபாரம் இடம் கொடுக்கும். அமெரிக்காவில் பியர் குறைந்து விஸ்கி மிகுந்ததும் இதனால்தான்.

மே மாதத்தில் கடைகள் திறந்தபோது நகரத்தில் நீண்ட வரிசைகள் நின்றன. எப்போதாவது குடிப்போரில் சிலர் அந்த வரிசைக்குப் போகவே இல்லை; ஏழு வாரங்கள் இல்லாமலே கழிந்ததால் இனியும் கழியும் என்று விட்டுவிட்டார்கள். தடையின் நிலைத்த நன்மை என்று நான் கையில் பிடித்துக் காட்டக்கூடியது அந்தச் சிலரைத்தான். கூலி நாளில் குடிப்போர் கடைக்குத் திரும்பினர். கை நடுங்குவோரில் பலர் கடைக்குத் திரும்பாமல் பின்வளவிலேயே நின்றுவிட்டனர், ஏனென்றால் அது மலிவு, அருகில் இருந்தது, கடனும் கிடைத்தது. பிந்திய ஆண்டுகளில் மதுவரி ஏற, சாராயப் போத்தலின் விலையும் ஏற, கூலி நாள்காரர்களும் ஒவ்வொருவராக அங்கே போனார்கள்.

தேசிய மதுவிலக்கு வேண்டும் என்று கோவில் நிருவாகங்களும் மாதர் சங்கங்களும் கேட்கும்போது அவர்களை மூடர் என்று தள்ளிவிடுவோர் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். அவர்கள் கேட்பது அந்த முதல் பத்து நாட்களை. அது கிடைக்கக்கூடியது என்பதை 2020 காட்டியது. ஆனால் நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் வெளிநாட்டவர்க்கு விலக்கு அளிக்காத தேசியத் தடையை எந்த அரசும் கொண்டுவராது. மாலைதீவு அத்தகைய விலக்கைத்தான் அளிக்கிறது. அப்போது ஒரே கடற்கரையில் ஒரு பக்கம் பியரும் மறுபக்கம் சுற்றிவளைப்பும் நடக்கும். பிரித்தானியர் காலத்தில் தவறணையை ஊர்மக்களே வாக்கெடுப்பில் மூடும் வழி இருந்தது. யாழ்ப்பாணத்தில் அது பரவலாகப் பயன்பட்டது. அந்த வழி கிராமத்தின் கையில் இருந்தால், மூடுவதற்கு முன்பே யார் வலிப்பில் விழுவார், யார் சீனி வாங்குவார் என்பதைக் கிராமமே அறிந்திருக்கும். கொழும்பிலிருந்து வரும் அறிவித்தலுக்கு அது தெரியாது. மூடும் நாளுக்கு முன் பிரதேச வைத்தியசாலையில் சில கட்டில்களும் மருந்தும் ஒதுக்கப்பட வேண்டும். கசிப்புக் கடனை எந்தப் பெண்ணும் கட்டக் கடமைப்பட்டவள் அல்லள் என்பதை மாதர் சங்கம் வீடு வீடாகச் சொல்ல வேண்டும். இரண்டாவதற்குச் செலவே இல்லை, ஆனால் பக்கத்து வீட்டு உறவு அதனால் முறியும் என்பதால் அதுவே மிகக் கடினம்.

2021 ஓகஸ்ட் 20 இல் நாடு மீண்டும் முடக்கப்பட்டது. செப்டெம்பர் 17 ஆம் திகதி, முடக்கம் நீங்காத நிலையிலேயே, மதுபானசாலைகள் மட்டும் திறந்து வரிசைகள் நீண்டன. அனுமதி கொடுத்தது யார் என்று திணைக்களங்கள் ஒன்றையொன்று காட்டின. அந்த வாரம் நான் கிராமத்துக்குத் தொலைபேசி எடுத்தபோது, தாய விளையாட்டைப் பற்றிச் சொன்ன பெண், முதல் தடையின் கசிப்புக் கடனில் இன்னும் இரண்டு தவணை இருப்பதாகச் சொன்னார். கடை திறந்தது நல்லதா கெட்டதா என்று கேட்டேன். கணவர் காலையிலேயே வரிசைக்குப் போய்விட்டார் என்றும், அங்கே கடன் கொடுக்க மாட்டார்கள் என்பதால் தமக்கு ஒரு நிம்மதி என்றும் சொல்லி, அடுப்பில் சோறு கிடப்பதாகத் தொலைபேசியை வைத்துவிட்டார்.